சாமி மக்களின் வாசலில் விருந்தினர்: வடதுருவ இனச் சுற்றுலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவ ஒளியைப் பார்க்க ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள லாப்லாந்து போய்வரும் தமிழர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். திரும்பி வந்ததும் காட்டும் படங்களில் பனி இருக்கும், பச்சை வானம் இருக்கும், சறுக்கு வண்டியில் பூட்டிய பனிமான் இருக்கும். அந்தப் பனிமானை வளர்த்தவர் பெரும்பாலும் படத்தில் இருக்க மாட்டார். அவரைப் பற்றியும், அவர் வீட்டுக்கு விருந்தினர் வருவதால் அவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்பதைப் பற்றியும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன்.

சாமி மக்கள் என்பவர்கள் யார்? பெயரே குழப்புகிறதே?

தமிழ்க் காதுக்குக் குழப்பத்தான் செய்யும். கோயில் சாமிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தங்களைத் தாங்களே அவர்கள் அழைத்துக்கொள்ளும் பெயர் அது. நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பழங்குடியினர் அவர்கள். தங்கள் நிலத்தைச் சாப்மி என்கிறார்கள். நான்கு நாடுகளின் எல்லைக்கோடுகளும் அந்த நிலத்தின்மீது பிற்காலத்தில் கிழிக்கப்பட்டவை. பனிமான் கூட்டத்துக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதால், அந்தக் கோடுகளால் தகராறும் வந்தது.

மொத்தம் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நார்வேயில்தான் அதிகம் பேர். பின்லாந்தில் சுமார் 10,000 பேர். ஒன்பது சாமி மொழிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் ஸ்கோல்ட் சாமி போன்ற மொழிகளைப் பேசுவோர் சில நூறு பேர்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாமி மக்கள் எல்லோரும் பனிமான் மேய்ப்பவர்கள் அல்லர். பத்தில் ஒரு பங்கினர்தான் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் மீனவர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், ஹெல்சிங்கியிலும் ஒஸ்லோவிலும் அலுவலகம் போகிறவர்கள். சுற்றுலாச் சுவரொட்டியில் இடம்பிடிப்பது அந்தப் பத்தில் ஒருவர் மட்டும்தான்.

‘லாப்’ மக்கள் என்று சொல்லலாமா?

வேண்டாம். அது வெளியார் வைத்த பெயர். அவர்கள் காதில் வசைச்சொல்லாகவே விழுகிறது. லாப்லாந்து என்பது பின்லாந்திலும் சுவீடனிலும் ஒரு நிலப்பகுதியின் பெயராக நிலைத்துவிட்டதால், இடத்தை அப்படிச் சொல்லலாம். ஆளைச் சொல்லக் கூடாது.

இனச் சுற்றுலா என்றால் என்ன?

மலையையும் கடலையும் பார்க்கப் போகாமல், ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையைப் பார்க்கப் போவது. அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, அவர்கள் பாடுவதைக் கேட்டு, அவர்கள் செய்ததை வாங்கி வருவது. இதில் விற்பனைக்கு வைக்கப்படுவது ஒருவர் தன் தாத்தாவிடமிருந்து பெற்ற வாழ்க்கை முறை. எனவே வழக்கமான சுற்றுலாவில் எழாத ஒரு கேள்வி இதில் எழுகிறது: விற்பவர் யார்? அந்தத் தாத்தாவின் பேரனா, அல்லது பேரனைப் போல உடுத்திய வேறொருவரா? சாமி மக்கள் விஷயத்தில் நீண்ட காலம் விற்றுக்கொண்டிருந்தவர் இரண்டாமவர்தான்.

ரோவனியெமிக்குப் போனால் சாமி மக்களைப் பார்த்துவிடலாமா?

தெருவில் எதிரே வரலாம், அடையாளம் தெரியாது. பின்லாந்து லாப்லாந்தின் தலைநகரான ரோவனியெமி சாமி மக்களின் தாயகப் பகுதிக்குள் இல்லை. பின்லாந்துச் சட்டப்படி அந்தத் தாயகம் உத்ஸ்யோக்கி, இனாரி, எனோந்தெகியோ ஆகிய மூன்று நகராட்சிகளும், சொடான்குலாவின் வடபகுதியும் சேர்ந்தது. ரோவனியெமியிலிருந்து இனாரி கிராமம் சுமார் 330 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது.

ரோவனியெமி சுற்றுலா நகரமான கதை வேறு. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் ஊரை எரித்துவிட்டுப் போயின. கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ புதிதாக வரைந்த திட்டத்தின்படி ஊர் மீண்டும் எழுந்தது. மறுசீரமைப்பைப் பார்க்க 1950-இல் மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்தார். அவருக்காக ஆர்க்டிக் வட்டக் கோட்டருகே அவசர அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். அந்த இடத்தைச் சுற்றித்தான் 1985-இல் கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமம் உருவானது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் சாமி பண்பாட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அவருக்கு வண்டி இழுக்கப் பனிமான் வேண்டும், பனிமான் என்றால் பக்கத்தில் வண்ண உடை உடுத்திய ஒருவர் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அங்கே பிடித்தது சிக்கல்.

பனிமான் மேய்ப்பே தொழிலாக இருக்கும்போது சுற்றுலா எதற்கு?

மேய்ப்பில் மட்டும் குடும்பம் நடத்துவது கடினம் என்பதால். இறைச்சிதான் முக்கிய வரவு. அதுவும் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மொத்தமாக வரும், மாதச் சம்பளம்போல வராது. செலவோ மாதந்தோறும் இருக்கும். 1960-களில் பனியில் ஓடும் எந்திர வண்டியான ஸ்னோமொபைல் வந்ததிலிருந்து மேய்ப்பர் கையில் பெட்ரோல் கணக்கும் பழுதுபார்ப்புக் கணக்கும் சேர்ந்துவிட்டன. கடுங்குளிரில் பனிமான் உறைபனியைக் குளம்பால் தோண்டி அடியில் பாசிபோலப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்னும். நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, அது மறுநாள் கண்ணாடிபோல இறுகிவிட்டால் குளம்பு இறங்காது. வைக்கோலும் தீவனமும் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். பருவநிலை மாற்றத்தால் இத்தகைய குளிர்காலங்கள் அடிக்கடி வருகின்றன.

வெளியிலிருந்து வரும் அடிகளும் உண்டு. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றோடு வந்த கதிரியக்கச் சீசியம், மழையில் இறங்கி லைக்கனில் தங்கியது. லைக்கனைத் தின்ற ஆயிரக்கணக்கான மான்களின் இறைச்சி சுவீடனிலும் நார்வேயிலும் அழிக்கப்பட்டது. எங்கோ உக்ரைனில் நடந்த விபத்துக்கு இங்கே கிடை காலியானது. அதன் மேல் சுரங்கம், மரம் வெட்டுதல், காற்றாலை என்று மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாகிக்கொண்டிருக்கிறது. ஃபோசன் பகுதியில் அமைத்த காற்றாலைகளின் உரிமம் செல்லாது, அவை மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன.

இந்த நிலையில் குளிர்காலத்தில் வாரத்துக்கு நான்கு குழு விருந்தினர் வந்தால், அந்தப் பணம் தீவனச் செலவைத் தாங்கும். பிள்ளை தெற்கே வேலை தேடிப் போகாமல் ஊரில் தங்குவான். மந்தையை விற்காமல் வைத்துக்கொள்ளச் சுற்றுலாப் பணம் பயன்படும் வரை அதை நல்ல தொழில் என்றுதான் சொல்வேன். சுற்றுலாவுக்குக் காட்டுவதற்காக மட்டும் ஐந்தாறு மான்களை வைத்திருக்கும் நிலை வந்துவிட்டால், அது வேறு பிழைப்பு.

ஒரு மேய்ப்பர் குடும்பத்தில் இந்தச் சுற்றுலா எப்படி நடக்கிறது?

வழக்கமாக நாலைந்து பேரோ பத்துப் பேரோ கொண்ட சிறு குழு வரும். வேலிக்குள் நிற்கும் பழகிய மான்களுக்கு லைக்கன் ஊட்டுவார்கள், சறுக்கு வண்டியில் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போவார்கள். பிறகு லாவ்வு என்னும் கூம்புக் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சூடாக எதையாவது குடித்தபடி பேச்சு. பிதோஸ் என்னும் பனிமான் இறைச்சிக் குழம்பு. விடைபெறும் நேரத்தில் வீட்டுப் பெண்கள் செய்த கைவேலைகள் சில மேசைமேல் இருக்கும்.

பார்க்க எளிதாகத் தெரியும். பின்னால் இருக்கும் உழைப்பு வேறு. வண்டி இழுப்பவை பெரும்பாலும் காயடித்த ஆண் மான்கள். காட்டில் திரிந்த ஒன்றைப் பிடித்து, கயிற்றுக்குப் பழக்கி, வண்டிக்குப் பழக்கி, அந்நியர் கூச்சலுக்கும் கேமராவுக்கும் பழக்கி எடுக்கச் சில ஆண்டுகள் ஆகும். மிரளாத ஒரு மான் கிடைத்தால், நல்ல வண்டிமாடு வாய்த்த விவசாயிபோல அவர்கள் பெருமைப்படுவார்கள்.

பருவக் கணக்கும் இடிக்கும். இலையுதிர் காலத்திலிருந்து நடுக்குளிர் வரை காட்டில் சிதறிக் கிடக்கும் மான்களை வளைத்துக் கொண்டுவந்து பிரிப்பார்கள். யாருடையது எது, எதை அறுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் காலம் அது. ஆண்டின் தலையாய வேலை. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் டிசம்பரும் அதே நேரத்தில்தான் வரும். மூத்தவர் மந்தைக்குப் பின்னால் காட்டில் இருப்பார், வீட்டில் அவர் மனைவியும் மகளும் விருந்தினரைக் கவனிப்பார்கள். இனச் சுற்றுலா பல வீடுகளில் பெண்களின் கையில் சொந்த வருமானமாக வந்து சேர்ந்தது இப்படித்தான்.

எத்தனை பனிமான்கள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாமா?

முதன்முதலாகப் பார்த்தவரிடம் உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, மனைவிக்கு எத்தனை பவுன் என்று கேட்பீர்களா? அதுவேதான். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘மரத்தின் இரண்டு பக்கமும் இருக்கின்றன’ என்பதுபோல எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஹஸ்கி நாய் வண்டியும் இக்லூவும் சாமி மரபா?

இரண்டும் இல்லை. பனிக்கட்டியால் கட்டும் இக்லூ வீடு வட அமெரிக்க இனுவிட் மக்களுடையது. கண்ணாடி இக்லூ ஓட்டல்காரர்களுடையது. பந்தயம்போல ஓடும் ஹஸ்கி நாய்களும் அலாஸ்காவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த வழக்கம். சாமி மக்களிடமும் நாய் உண்டு. ஆனால் அது மந்தையை மடக்கும் நாய், வண்டி இழுப்பதில்லை.

இதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. ‘சாமி நிலத்தின் பாரம்பரிய அனுபவம்’ என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் நாய் வண்டிப் பயணம், உண்மையான சாமி தொழிலுக்கு இடைஞ்சல். இருபது முப்பது நாய்கள் குரைத்தபடி மேய்ச்சல் காட்டுக்குள் ஓடினால் பனிமான்கள் சிதறும். கடுங்குளிரில் சிதறி ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அவை சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைக்கும். சினை மான்களுக்கு இது இன்னும் மோசம். நாய்ப் பண்ணைகளுக்கும் மேய்ப்பர்களுக்கும் இடையே பாதை பற்றிய வழக்குகளும் பேச்சுவார்த்தைகளும் ஓய்ந்தபாடில்லை.

போலி உடைப் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

காக்தி என்பது சாமி மக்களின் உடை. நீலமோ சிவப்போ கருப்போ அடிநிறமாக, ஓரங்களில் பட்டைகளும் பின்னல்களுமாக இருக்கும். நமக்கு அது வெறும் வண்ணம். அவர்களுக்கு அது எழுத்து. எந்த வட்டாரம், எந்தக் குடும்பம் என்பது தையலிலேயே தெரியும். சில இடங்களில் மணமானவரா என்பதும் தெரியும். தூரத்தில் வருபவரின் காக்தியைப் பார்த்தே ‘இது இன்ன வீட்டுப் பெண்’ என்று சொல்லிவிடுவார்கள். பல வீடுகளில் அம்மாவோ அத்தையோ தைத்துக் கொடுப்பது அது.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்லாந்தின் சுற்றுலாத் தொழில், இந்த உடையின் மலிவான நகல்களைத் தைத்து ஓட்டல் ஊழியர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் மாட்டிவிட்டது. உடுத்தியவர்கள் சாமி மக்கள் அல்லர். ஒரு வட்டாரத்துப் பட்டை, இன்னொரு வட்டாரத்துத் தொப்பி, பெண் உடைமேல் ஆண் இடுப்புப் பட்டை என்று கலந்துகட்டிய வேடம். அதை உடுத்திக்கொண்டு ‘லாப் ஞானஸ்நானம்’ என்று ஒரு சடங்கு வேறு நடத்தினார்கள். பயணியை மண்டியிடவைத்து, நெற்றியில் கரி பூசி, புரியாத எதையோ முனகி, கையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள். அப்படி ஒரு சடங்கே சாமி மரபில் கிடையாது. முழுக்கக் கட்டிவிட்ட கூத்து.

அதே காலத்தில் பின்லாந்துத் தொலைக்காட்சியிலும் அழுக்கும் போதையுமாகத் திரியும் சாமி வேடங்கள் நகைச்சுவைக் காட்சிகளில் வந்து சிரிப்பு மூட்டின. பள்ளிக்கூடத்தில் சாமி பிள்ளைகளைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் அந்த வசனங்களைச் சொல்லிச் சிரித்தார்கள். அவற்றில் நடித்த ஒருவர் 2019-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். போலி உடைக்கு எதிராகச் சாமி இளைஞர்கள் ரோவனியெமியிலேயே வீதியில் இறங்கினார்கள்.

சிலர் கேட்பார்கள்: ‘உடைதானே, இதற்குப் போய் இவ்வளவு கோபமா?’ விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காக அவமானப்படுத்தப்பட்டு, வெட்கப்பட்டுக் காக்தியைப் பெட்டிக்குள் மடித்துவைத்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் பெட்டிக்குள் வைத்த அதே உடையை வேறு யாரோ எடுத்து மாட்டிக்கொண்டு காசு பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மனிதர்களைக் காட்சிப்பொருளாக்குவது என்ற குற்றச்சாட்டு இன்றும் பொருந்துமா?

அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஹம்பர்க்கில் விலங்கு வியாபாரம் செய்த கார்ல் ஹாகன்பெக், 1870-களில் ஒரு சாமி குடும்பத்தைப் பனிமான்களோடும் கூடாரத்தோடும் வரவழைத்து மக்கள் பார்க்க வைத்தார். தாய் பிள்ளைக்குப் பாலூட்டுவதைக்கூடக் கூட்டம் நின்று பார்த்தது. நல்ல வசூல். அந்த வெற்றியில் ஊக்கம் பெற்று அவர் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார். 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களும் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு நின்றார்கள். ஆகவே இந்தக் கதையை ‘அது யாரோ வடதுருவத்தார் பாடு’ என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இன்றைய நிலை அது அல்ல. எனினும் கோடு மெல்லியது. என் கணிப்பில் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்காரருக்குக் கதவைச் சாத்த முடிகிறதா? ‘இன்று முடியாது, மந்தை இறங்கியிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அவரால் காட்டுக்குப் போக முடிந்தால் அது விருந்தோம்பல். ஓட்டல் முதலாளி கோபித்துக்கொள்வார், அடுத்த மாத ஒப்பந்தம் போய்விடும் என்று அஞ்சி அவர் சிரித்தபடி வாசலில் நின்றால், ஹம்பர்க் கூடாரம் வெகு தூரத்தில் இல்லை.

இதற்கென்று விதிமுறைகள் ஏதும் உண்டா?

பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018-இல் பொறுப்பான, அறம்சார்ந்த சாமி சுற்றுலாவுக்கான கொள்கைகளை வெளியிட்டது. சாமி அல்லாதவர்கள் சாமி பண்பாட்டைப் பயன்படுத்தி ஏய்க்கும் சுற்றுலாவுக்கு முடிவு கட்டுவதும், வெளியாருக்குச் சரியான தகவல் கிடைக்கச் செய்வதும் அதன் நோக்கம். உள்ளூர் மக்களின் அன்றாடத்தைச் சுற்றுலா குலைக்கக் கூடாது, சாமி பண்பாட்டைப் பற்றிச் சாமி மக்களே பேச வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அது சட்டம் அல்ல. மீறினால் அபராதமோ தண்டனையோ கிடையாது. இருந்தும் அதற்குப் பிறகு ஏஜென்சிகளின் படங்களில் போலிக் காக்தி குறைந்திருக்கிறது. வெட்கம் சில நேரங்களில் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

நாடாளுமன்றம் என்றதும் சட்டம் இயற்றும் அவை என்று எண்ண வேண்டாம். நார்வேயில் 1989-இலும், சுவீடனில் 1993-இலும், பின்லாந்தில் 1996-இலும் தொடங்கிய இவை, சாமி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பண்பாட்டுத் தன்னாட்சி அவைகள். நார்வேயில் அது பிறக்கக் காரணம், ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1980 வாக்கில் நடந்த பெரும் போராட்டம்.

புனித இடங்களுக்குப் போகலாமா? ‘சாமி பூசாரி’ முரசடித்துக் குறி சொல்வார் என்கிறார்களே?

முரசு விஷயம் மிக மென்மையானது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவ சமயப் பரப்பாளர்களும் அதிகாரிகளும் சாமி முரசுகளைத் தேடித் தேடிப் பறித்தார்கள், எரித்தார்கள். 1691-இல் ஆண்டர்ஸ் பௌல்சன் என்னும் முதியவரிடமிருந்து ஒரு முரசைப் பறிமுதல் செய்து, சூனியக்காரர் என்று வழக்கும் நடத்தினார்கள். தீர்ப்பு வருமுன்னே அவர் கொல்லப்பட்டார். டென்மார்க்குக்குப் போன அந்த முரசு, 2022-இல்தான் நார்வேயின் காராஷோக்கிலுள்ள சாமி அருங்காட்சியகத்துக்கே சொந்தம் என்றானது. முந்நூறு ஆண்டுக் காத்திருப்பு. இதை அறிந்தவர், நினைவுப்பொருள் கடையில் தொங்கும் முரசை வாங்கிவந்து வரவேற்பறையில் மாட்டுமுன் ஒரு கணம் யோசிப்பார்.

இனாரி ஏரியில் ஆய்யி என்றொரு பாறைத் தீவு இருக்கிறது. ஃபின்னியப் பெயர் உகோன்சாரி. சாமி மக்கள் படையல் இட்ட தலம். பின்னாளில் கிரீட் தீவின் க்னோசஸ் அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவன்ஸ், 1873-இல் இங்கே ஒரு வெள்ளி அணியைக் கண்டெடுத்தார். கோடைக்காலப் படகுகள் வெகுகாலம் பயணிகளைத் தீவிலேயே இறக்கி, உச்சிவரை ஏறவிட்டன. சாமி மக்களின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து, இனித் தீவில் இறங்குவதில்லை என்று படகு நடத்திய நிறுவனம் 2019-இல் அறிவித்தது. தீவைச் சுற்றிவந்து தண்ணீரிலிருந்து பார்க்கலாம். அதனால் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கைவினைப் பொருள் வாங்கும்போது அசலா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துவொஜி என்பது சாமி கைவினையின் பெயர். பிர்ச் மரத்தின் கழலையைக் குடைந்து செய்த குக்சா கோப்பை, மான்கொம்புப் பிடி போட்ட கத்தி, வெள்ளீயக் கம்பி பின்னிய தோல் வளையல் போன்றவை. 1982-இலிருந்து ‘சாமி துவொஜி’ என்ற முத்திரை நடைமுறையில் இருக்கிறது. அந்த முத்திரை இருந்தால், செய்தவர் சாமி கைவினைஞர் என்று பொருள். விலை அதிகமாகத்தான் இருக்கும். விமான நிலையக் கடையில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும் கோப்பை எந்திரத்தில் கடைந்தது.

யோய்க் பாடச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்காதீர்கள், பாடினால் கேளுங்கள். யோய்க் என்பது சாமி மக்களின் மரபுப் பாட்டு. அது ஒருவரைப் ‘பற்றி’ப் பாடுவது அன்று, அந்த ஆளையே குரலில் வரவழைப்பது என்பார்கள். குழந்தைக்கு ஒரு யோய்க், இறந்த தந்தைக்கு ஒரு யோய்க், ஓநாய்க்கும் ஒன்று உண்டு. திருச்சபை இதைப் பாவம் என்று நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. கச்சேரி மேடையில் யோய்க் பாடும் கலைஞர்கள் இருக்கிறார்கள், டிக்கெட் வாங்கிக் கேட்கலாம். உங்களுக்குக் குழம்பு பரிமாறிய மனிதரிடம் ‘கொஞ்சம் பாடிக் காட்டுங்கள்’ என்பது வேறு.

எல்லாச் சாமி மக்களும் சுற்றுலாவை வரவேற்கிறார்களா?

இல்லை. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருவேறு கருத்து உண்டு. அண்ணன் விருந்தினர் விடுதி கட்டியிருப்பார், தம்பி அந்த விடுதிக்காரர்கள் ஸ்னோமொபைலில் மந்தையை மிரட்டுவதாக முகம் சுளிப்பார். பண்பாட்டை விற்றுப் பிழைப்பதா என்று முதியவர்கள் கேட்பார்கள். மீன் விற்கலாம், மான் விற்கலாம், கதை மட்டும் விற்கக் கூடாதா என்று இளையவர்கள் திருப்பிக் கேட்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

மறுக்க முடியாத ஒன்று, சுற்றுலாவை மட்டும் நம்புவதன் ஆபத்து. 2020-இல் கொரோனா வந்ததும் விமானங்கள் நின்றன, குளிர்காலப் பருவம் அப்படியே வெறிச்சோடியது. மந்தையைக் கைவிடாதவர்களுக்கு அந்த ஆண்டும் காட்டில் வேலை இருந்தது. கடன் வாங்கிக் குடில்கள் கட்டியவர்கள் பாடு திண்டாட்டம்.

நிலமும் மானும் சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

நாட்டுக்கு நாடு வேறு. நார்வேயிலும் சுவீடனிலும் சாமி பகுதிகளில் பனிமான் மேய்ப்பு சாமி மக்களுக்கே உரிய உரிமை. பின்லாந்தில் அப்படி இல்லை. மேய்ப்புப் பகுதியில் வசிக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் எவரும் பனிமான் வைத்துக்கொள்ளலாம். அதனால் ரோவனியெமி பக்கத்துப் பனிமான் பண்ணை ஒரு ஃபின்னியக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். அவர்களும் தலைமுறைகளாக மேய்ப்பவர்களாக இருக்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை, சாமி என்று சொல்லி விற்காதவரை.

பழங்குடிகளின் நில உரிமையை ஏற்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையை நார்வே 1990-இல் முதல் நாடாக ஏற்றது. சுவீடனும் பின்லாந்தும் இன்னும் ஏற்கவில்லை. விருந்தினரை எங்கே நடத்திச் செல்வது, எந்தக் காட்டில் ஓட்டல் கட்ட அனுமதிப்பது என்ற சுற்றுலாக் கேள்விகளும் முடிவில் இந்த நிலக் கேள்வியில்தான் வந்து முட்டுகின்றன.

முதலில் எங்கே போவது? எப்போது?

இனாரியில் உள்ள சீதா அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். 1959-இல், போரில் எரியாமல் தப்பிய பழைய குடில்களைக் காப்பாற்றத் தொடங்கிய முயற்சி அது. சாமி மக்களே நடத்துகிறார்கள். ஹெல்சிங்கியின் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த 2,200-க்கும் மேற்பட்ட சாமி பொருள்கள் 2021-இல் இங்கே திரும்பி வந்தன. 2024-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதும் பெற்றது. அரை நாள் அங்கே செலவிட்டால், பிறகு எந்த மேய்ப்பர் வீட்டிலும் அசட்டுக் கேள்வி கேட்க மாட்டீர்கள்.

சுவீடனின் யொக்மொக் குளிர்காலச் சந்தை பிப்ரவரித் தொடக்கத்தில் கூடுகிறது. 1605-இலிருந்து கூடும் சந்தை. வரி வசூலிக்கவும் மதம் பரப்பவும் அரசர் ஏற்படுத்திய சந்தையைச் சாமி மக்கள் மெல்ல மெல்லத் தங்கள் திருவிழாவாக்கிக்கொண்டார்கள். ஈஸ்டரில் நார்வேயின் கௌதொகெய்னோவில் பனிமான் பந்தயம், இசை, கல்யாணங்கள். இவை சுற்றுலாவுக்காக நடப்பவை அல்ல. நாம் போனாலும் போகாவிட்டாலும் நடக்கும்.

மே மாதம் மட்டும் மேய்ச்சல் காட்டுப் பக்கம் போக வேண்டாம். மான்கள் கன்று ஈனும் காலம்.

அந்தப் பகுதிகளில் தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களுக்குப் போய் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தார்கள். பாட்ஸ்ஃபியூர் போன்ற சிற்றூர்களில் தமிழ்ப் பிள்ளைகள் சாமி, நார்வேஜியப் பிள்ளைகளோடு வளர்ந்தார்கள். பின்னர் பலர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள்.

புகைப்படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுக்கக் கூடாதவை: குழந்தைகள், வீட்டு முற்றம், தேவாலயத்துக்குக் காக்தியில் போகிறவர்கள். இனாரிப் பகுதியில் பயணிகள் ஜன்னலில் முகம் பதித்து உள்ளே எட்டிப் பார்த்த கதைகள் ஏராளம். அது ஒரு வீடு, உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சைவம். அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?

முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் மரபான உணவு என்று பார்த்தால் மானும் மீனும்தான். காய்கறி விளையாத நிலத்தில் வேறு என்ன உண்பது? நெருப்பில் சுட்ட ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு கிடைக்கும். இனிப்புக்கு லுவொமி என்னும் கிளவுட்பெரி. சதுப்பு நிலத்தில் ஜூலை, ஆகஸ்டில் பழுக்கும் பொன்னிறப் பழம், பனிக்காலம் முழுவதற்கும் சேர்த்துவைத்திருப்பார்கள். ஒரு கரண்டி வாயில் போட்டால் எங்கே பறித்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பனிமான் எண்ணிக்கையையாவது என்றாவது ஒருநாள் சொல்லிவிடுவார்கள். லுவொமி விளையும் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே சொல்வதில்லை.